அமுதவள்ளியின் நான்கு மணி நேரச் சென்னை

தொழிலாளர் நலத்தின் வரலாற்றை இனிமேல் எழுதப் போகிறவர்கள் அதை இரண்டு பாகங்களாகப் பிரித்தே ஆக வேண்டும்: போடிநாயக்கனூர் அமுதவள்ளி சென்னையைச் சுற்றிப் பார்ப்பதற்கு முன், சுற்றிப் பார்த்த பின். அந்தச் சுற்றுலா நான்கு மணி நேரம்தான் நடந்தது. பெரிய காரியங்களுக்கு அதிக நேரம் பிடிப்பதில்லை. நிலநடுக்கத்தைப் பாருங்கள்.

அமுதவள்ளிக்கு நாற்பத்து மூன்று வயது. போடி மெட்டுக்கு மேலே குயில்மேடு எஸ்டேட்டில் ஏலக்காய் எடுக்கிறவள். காலை ஆறு மணிக்குப் பதினெட்டுப் பெண்கள் போடியில் ஒரே ஜீப்பில் ஏறுவார்கள். அதில் எட்டுப் பேர் உட்காரலாம் என்று ஜீப்பைச் செய்தவர்கள் நினைத்திருந்தார்கள். அவர்கள் போடிக்கு வந்ததில்லை.

குயில்மேட்டில் எல்லா வசதியும் உண்டு. மூடுபனி உண்டு. அட்டை உண்டு. ஒரு குறிப்பிட்ட பாறையின் மேல் ஏறி ஒற்றைக்காலில் நின்றால் செல்போன் சிக்னல்கூட உண்டு. கழிப்பறை மட்டும்தான் கிடையாது. அதற்குப் பெண்களே ஒரு மாற்று ஏற்பாடு கண்டுபிடித்திருந்தார்கள்: காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. போன ஐப்பசியில் அந்தப் பதினெட்டுப் பேரில் ஒருத்தியான மொக்கம்மாள் சரிவில் வேலை செய்துகொண்டிருந்தபோதே இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். ஜீப்பில் தேனிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் மருந்துச் சீட்டு எழுதுவதற்கு முன்னால், "ஏம்மா, உங்க ஊர்ல தண்ணிப் பஞ்சமா?" என்று கேட்டார். மலை முழுக்க ஓடை ஓடுகிறது என்று சொல்ல மொக்கம்மாளுக்கு வெட்கமாக இருந்தது.

அமுதவள்ளி எட்டாவது வரை படித்தவள்; கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதனால் கழிப்பறை கேட்டு மனு எழுதும் சோலி அவளிடம் வந்தது. மூன்று வருடத்தில் மூன்று மனுக்கள். முதல் மனு "பரிசீலனையில்" இருப்பதாகப் பதில் வந்தது. இரண்டாவது, "தீவிரப் பரிசீலனையில்". மூன்றாவது, "கனிவான பரிசீலனையில்". ஒவ்வொரு வருடமும் நிர்வாகத்தின் மனம் இப்படி இளகிக்கொண்டே வந்ததை அமுதவள்ளியே ஒப்புக்கொள்வாள்.

கடைசியில் கனிவு பொங்கி வழிந்தது. மேலாளர் முத்துக்கிருஷ்ணன் பதினெட்டுப் பேரையும் ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோர் முன்னால் கூட்டி, சென்னைத் தலைமை அலுவலகத்தின் கடிதத்தை வாசித்தார். நிர்வாகம் ஒரு நிபுணரை வைத்து ஆராய்ந்ததாம். தொழிலாளர்களின் குறைகளுக்கெல்லாம் மூலகாரணம் ஒன்றே ஒன்றுதானாம்: அவர்கள் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது. ஆகவே, வருடத்துக்கு ஒரு தொழிலாளி, தனிக் காரில், தனி வழிகாட்டியோடு, சென்னை மாநகரைச் சுற்றிப் பார்க்க அனுப்பப்படுவார். முதல் வருடத்துக்கு மனு எழுதியவரே தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார்.

அமுதவள்ளி எழுந்தாள். "அய்யா, அப்ப கக்கூஸு?"

"அமுதவள்ளி, நீ எப்பவும் சின்னதாவே யோசிக்கிற. பெருசா யோசிக்கணும்."

"பெருசுக்கும் சேத்துத்தேன்யா கேட்டோம்."

பெண்கள் சேலை முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். முத்துக்கிருஷ்ணன் மட்டும் எதையும் பொருட்படுத்தாமல் கைதட்டத் தொடங்கினார். மற்றவர்களும் தட்ட வேண்டியதாயிற்று.

"போயிட்டு வாத்தா. கடலப் பாத்துட்டு வா. எனக்கும் சேத்துப் பாரு" என்றாள் மொக்கம்மாள். அமுதவள்ளி அதற்காகத்தான் ரயிலேறினாள். உள்ளதைச் சொன்னால், அவளுக்குக் கடல் பார்க்க ஆசை.

சென்னையில் குளிரூட்டிய வெள்ளைக் கார் நின்றிருந்தது. பக்கத்தில் நீலக் கோட்டுப் போட்ட ரேணுகா நின்றாள். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். தலையில் மாட்டிய மைக், இடுப்பில் சின்ன ஸ்பீக்கர். பின் சீட்டில் ஒரே ஒரு ஆள் இருக்க, முன் சீட்டிலிருந்து திரும்பி, மைக்கில் தொடங்கினாள்.

"பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்! தயவுசெய்து குழுவை விட்டுப் பிரிந்து செல்லாதீர்கள்."

அமுதவள்ளி காருக்குள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "எந்தக் குழுவ தாயி?"

"நீங்கதான் மேடம் குழு."

குழு சரி என்று தலையாட்டியது. சுற்றுலா ஆரம்பமாயிற்று. திட்டத்தில் ஒன்பது இடங்கள் இருந்தன. முதல் இடத்தில் உயரமான தகரத் தடுப்பு. "இந்தத் தகரத்துக்குப் பின்னால் நூற்றைம்பது ஆண்டுப் பழமையான அற்புதமான கட்டடம் இருக்கிறது" என்றாள் ரேணுகா. இரண்டாவது இடத்திலும் தகரம். அது வேறு நிறம். மூன்றாவது இடத்துக்கு அன்று விடுமுறை. அதன் பூட்டைப் பார்த்தார்கள். நான்காவது, ஐந்தாவது, ஆறாவது இடங்களை ஒரு மேம்பாலத்தின் மேல் நெரிசலில் நின்றபடியே, ரேணுகா கைநீட்டிய மூன்று திசைகளில் பார்த்து முடித்தார்கள். ஏழாவது ஓர் ஏரி. அது இருந்த இடத்தில் இப்போது அதன் பெயரில் ஒரு பஸ் நிறுத்தம் இருந்தது. சுற்றுலாவின் மேன்மையை அமுதவள்ளி இப்போதுதான் உணர்ந்தாள். இருப்பதைப் பார்க்க யாராலும் முடியும். இல்லாததைப் பார்க்கத்தான் தனி வழிகாட்டி தேவை.

எட்டாவதாகக் கடற்கரை. "பதினோரு நிமிடம். புகைப்படம் எடுத்துக்கொள்ளலாம். தண்ணீரில் இறங்குவது இந்தத் திட்டத்தில் சேராது" என்றது ஸ்பீக்கர். குழு செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் ஓடியது. முட்டளவு தண்ணீரில் போய் நின்றது. காலடியில் மணல் உருவிக்கொண்டு போனபோது அமுதவள்ளிக்கு உள்ளங்கால் கூசியது, சிரித்தாள். பார்த்த இடமெல்லாம் தண்ணீர். இத்தனை தண்ணீரையும் பார்த்தால் மொக்கம்மாள் என்ன சொல்லுவாள் என்று நினைத்ததும் சிரிப்பு நின்றுபோயிற்று. இன்னும் ஓர் அலை வரட்டும், இன்னும் ஓர் அலை வரட்டும் என்று இருபது நிமிடம் நின்றாள்.

கரையில் ரேணுகா வெயிலில் உதடு வறண்டு காத்திருந்தாள். திட்டவில்லை. அமுதவள்ளி தன் பாட்டிலை நீட்டினாள். "குடி தாயி. தொண்ட கட்டியிருக்கு."

"வேணாங்க மேடம். ட்யூட்டில தண்ணி குடிக்க மாட்டேன்."

"ஏன்?"

ரேணுகா மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "போக இடம் கிடையாதுக்கா" என்றாள்.

அமுதவள்ளி அந்தப் பெண்ணின் நீலக் கோட்டையும் மெருகேற்றிய ஷூவையும் ஒரு முறை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு காருக்குத் திரும்பும் வரை அவள் கையை விடவில்லை.

ஒன்பதாவது இடம், குயில்மேடு எஸ்டேட்டின் தலைமை அலுவலகம். ஐந்தாவது மாடியில் "அனுபவ மையம்" என்று ஒரு கூடம். நடுவில், ஒரு கட்டில் அகலத்துக்குக் கண்ணாடிப் பெட்டி. உள்ளே பச்சைப் பசேலென்று மலை, வளைந்து வளைந்து ஏறும் சாலை, அதில் சிவப்பு ஜீப்பு. ஜீப்பில் எட்டே பெண் பொம்மைகள், பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தன. குழந்தைகள் காப்பகம், மருத்துவ அறை, சாப்பாட்டுக் கூடம். ஓரமாக, நீலக் கதவு போட்ட எட்டுக் கழிப்பறைகள். பொத்தானை அழுத்தினால் எட்டிலும் விளக்கு எரிந்தது.

"இது எந்த ஊரு?" என்று கேட்டாள் அமுதவள்ளி.

அங்கே கழுத்துப்பட்டையோடு நின்றிருந்தவர் லிங்கேஸ்வரன். நிறுவனத்தின் "தொழிலாளர் மகிழ்ச்சிப் பிரிவு"த் தலைவர். மகிழ்ச்சியாகவே பதில் சொன்னார். "உங்க எஸ்டேட்தாம்மா! குயில்மேடு!"

அமுதவள்ளி குனிந்து பார்த்தாள். சிக்னல் கிடைக்கும் பாறை தெரிந்தது. ஓடை தெரிந்தது. மொக்கம்மாள் விழுந்த சரிவும் தெரிந்தது. அந்த இடத்தில்தான் நீலக் கதவுகள் நின்றன. கண்ணாடியில் மூக்கு முட்டியது.

"எங்க காடுதேன். ஆனா இதெல்லாம் எப்ப வந்துச்சு?"

"மூணு வருஷமாச்சே" என்ற லிங்கேஸ்வரன் ஒரு தாளை நீட்டினார். சுற்றுலா எப்படி இருந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். தாள் முழுக்க ஆங்கிலம். "சும்மா ஒரு கையெழுத்துதான்."

அமுதவள்ளி அதை ரேணுகாவிடம் கொடுத்தாள். "நீதான கைடு. என்னான்னு சொல்லு."

ரேணுகா லிங்கேஸ்வரனைப் பார்த்தாள். அவர் கண்ணைக் காட்டினார். அவளுக்கு அடுத்த மாதமும் இந்த நிறுவனத்தின் விருந்தினர்கள் வேண்டும். ஆனாலும் மைக்கைக் கழற்றி வைத்துவிட்டு, தாழ்ந்த குரலில், ஒரு வரி விடாமல் தமிழில் சொன்னாள். தாளில் சுற்றுலாவைப் பற்றி ஒன்றும் இல்லை. 'குயில்மேட்டில் உள்ள எட்டுக் கழிப்பறைகளை நான் தினமும் பயன்படுத்தி மகிழ்கிறேன்' என்று இருந்தது. எஸ்டேட்டின் ஏலக்காயை வாங்கும் வெளிநாட்டு நிறுவனம் கேட்ட சான்று அது.

"எட்டையுமா? தெனமுமா?" என்றாள் அமுதவள்ளி. "எனக்கென்ன வயித்துப்போக்கா?"

"அது ஒரு சம்பிரதாயம்மா. எழுதிக் குடுத்துட்டா உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது."

அமுதவள்ளி தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பேனாவை வாங்கி, தாளின் அடியில் முத்து முத்தாக நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். லிங்கேஸ்வரன் ஆங்கிலப் பள்ளியில் படித்தவர். தமிழ் பேசுவார், வாசிக்கும் பழக்கம் இல்லை. கையெழுத்து அழகாக இருப்பதாகப் பாராட்டி, அன்றைக்கே தாளைக் கடல் கடந்து அனுப்பி வைத்தார்.

அங்கே அந்த நான்கு வரியை மொழிபெயர்க்க ஆள் வைத்திருந்தார்கள். "கழிப்பறைகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தேன். எட்டும் நன்றாக இருந்தன. பெரியது என் கட்டைவிரல் அளவு இருந்தது. இப்படிக்கு, அமுதவள்ளி."

இருபதாம் நாள் வெளிநாட்டு நிறுவனத்திலிருந்து ஓர் அம்மாள் ஆய்வுக்கு வந்து இறங்கினார், கூடவே ஒரு மொழிபெயர்ப்பாளரோடு. முத்துக்கிருஷ்ணன் உபசாரத்தில் குறை வைக்கவில்லை. போடியில் இரண்டு இளநீர், மெட்டில் இரண்டு காப்பி. கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பு குலுங்கி ஏறி, குயில்மேட்டில் மாலை போட்டு முடித்ததும், அம்மாள் கேட்ட முதல் கேள்வி கழிப்பறை எங்கே என்பதுதான். அது ஆய்வுக் கேள்வி அல்ல.

"பராமரிப்பு வேலை நடக்குது" என்றார் முத்துக்கிருஷ்ணன்.

"எட்டிலுமா?" என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

"எட்டிலும்."

அம்மாளின் முகம் போன போக்கு எல்லா மொழியிலும் ஒன்றுதான். அமுதவள்ளி அவர் கையைப் பிடித்தாள். "வெரசா வாங்கம்மா." ஏலச்செடிகளுக்குள் கூட்டிப்போனாள். மொக்கம்மாள் சாக்கை விரித்து மறைத்து நின்றாள். திரும்பி வந்த அம்மாளின் காலில் மூன்று அட்டைகள் இருந்தன. அவற்றை அமுதவள்ளி உப்புப் போட்டு உதிர்த்துவிட்டாள். கழிப்பறை இல்லையேல் கொள்முதல் இல்லை என்று அந்த அம்மாள் அங்கேயே ஒரு வரியில் அறிக்கை எழுதினார்.

மூன்று வருடக் கனிவு செய்யாததைப் பதினோரு நாள் செய்தது. மலைச்சரிவில் ஒரு கழிப்பறை எழுந்தது. வெள்ளை ஓடு, நீலக் கதவு, குழாயில் தண்ணீர். பெண்கள் பூசணிக்காய் உடைக்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தபோது கதவில் ஒரு பலகை தொங்கவிடப்பட்டது: "கௌரவ விருந்தினர்களுக்கு மட்டும்." அந்த அம்மாள் அடுத்த வருடம் மறுபடி வருவார், அதுவரை அழுக்காகாமல் இருக்க வேண்டுமல்லவா? சாவி முத்துக்கிருஷ்ணனின் அறையில் ஆணியில் தொங்கியது. தினம் ஒரு முறை கழுவிவிடும் பொறுப்பு, தலைநகர் வரை போய்வந்த அனுபவம் கருதி, அமுதவள்ளிக்கு அளிக்கப்பட்டது.

அமுதவள்ளி பொறுப்பை ஏற்றுக்கொண்டாள். முதல் நாள் சாவியை வாங்கிக்கொண்டு போனாள். கதவைச் சாத்திக் கழுவினாள். கால்மணி நேரம் ஆயிற்று. இரண்டாம் நாள் மொக்கம்மாளை ஒத்தாசைக்குச் சேர்த்துக்கொண்டாள். மொக்கம்மாள் வெளியே வந்தபோது கண் கலங்கியிருந்தது; நேரே ஓடைக்குப் போய் இரண்டு கை நிறையத் தண்ணீர் அள்ளிக் குடித்தாள். அந்த வாரக் கடைசிக்குள் பதினெட்டுப் பேரும் கழுவும் பணிக்குத் தாமாக முன்வந்துவிட்டார்கள். இந்தியாவிலேயே இவ்வளவு சுத்தமான கழிப்பறை வேறு இருக்க முடியாது.

ஒரு நாள் மூடுபனிக்குள் முத்துக்கிருஷ்ணன் மேலே ஏறி வந்தார். நீலக் கதவின் முன் பெண்கள் வரிசையாக நின்றார்கள், ஆளுக்கொரு தண்ணீர் மக்கோடு.

"என்ன நடக்குது இங்க?"

"கழுவுறோம்யா" என்றாள் அமுதவள்ளி.

"ஒரு கக்கூஸக் கழுவப் பதினெட்டுப் பேரா? கதவ உள்பக்கம் தாழ்ப்பாப் போட்டுட்டா?"

"மூல முடுக்கெல்லாம் கழுவணும்ல."

அவருக்கு விளங்கிவிட்டது. முகம் சிவந்தது. "இது திருட்டு! கம்பெனி சொத்தத் திருடுறீங்க. எல்லாருக்கும் மெமோ!" பையிலிருந்து அச்சடித்த குற்றப் பத்திரத்தை எடுத்து அங்கேயே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார். பெயர் எழுதினார். தேதி எழுதினார். அடுத்த கட்டம்: 'திருடிச் சென்ற பொருள்.' பேனா நின்றது. அவர் நிமிர்ந்து பார்த்தார், பத்திரத்தைப் பார்த்தார், மறுபடி நிமிர்ந்தார்.

அமுதவள்ளி மக்கைக் கீழே வைத்துவிட்டு மரியாதையாகக் கைகட்டி நின்று சொன்னாள்: "எதையும் எடுத்துட்டுப் போகலங்கய்யா. எங்களோடதத்தேன் உள்ள விட்டுட்டு வந்திருக்கோம். சந்தேகம்னா எண்ணிப் பாத்துக்கங்க."