வசு ஃபைனல் ஏழு

பொட்டைக் காணவில்லை.

பத்மநாபன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். கைப்பேசித் திரையில் வசுமதியின் நெற்றி, துடைத்துவிட்ட சமையல் மேடை மாதிரி பளிச்சென்றிருந்தது. மூக்குத்தியும் போயிருந்தது. அவர் அழுத்தியது ஒரே ஒரு பொத்தானைத்தான். முகத்திலுள்ள கறைகளை நீக்கும் என்று அதில் போட்டிருந்தது.

முப்பத்திரண்டு வருஷமாகக் குளித்துவிட்டு வந்து முதல் காரியமாக அவள் வைத்துக்கொண்ட பொட்டு, அந்த ஆப்புக்குக் கறையாகப் பட்டிருக்கிறது. சுமங்கலியாகப் போனவளின் பொட்டைப் பன்னிரண்டாம் நாள் அழித்த பாவம் என் கட்டைவிரலுக்கா வந்து சேர வேண்டும் என்று நொந்துகொண்டார். பழைய படத்துக்குத் திரும்பவும் வழியில்லை. பார்ப்பதற்கு முன்பே சேமித்துவிட்டிருந்தார். கையெழுத்துப் போட்ட பிறகு ஃபைலைப் படிப்பது மத்திய அரசு அமைச்சகத்தில் அவருடைய நீண்டகாலப் பழக்கம்.

மறுநாள் பதிமூன்றாம் நாள், சுபஸ்வீகாரம். டில்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸின் முன்னறையில் மாலை போட்டு, விளக்கேற்றி வைக்க வசுமதியின் படம் ஒன்று வேண்டும். சரோஜினி நகரில் ஃபிரேம் போடும் குப்தாஜி, மாலை ஆறு மணிக்குள் படம் வந்தால்தான் ஆயிற்று என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

வசுமதியின் கைப்பேசியில் நாலாயிரம் படங்கள் இருந்தன. ஒன்றிலும் வசுமதி இல்லை. பத்மநாபன் இந்தியா கேட் முன்னால் நின்றார், மலை மந்திர் படியில் உட்கார்ந்தார், வாயைத் திறந்துகொண்டு சோபாவில் தூங்கினார். சில படங்களின் ஓரத்தில் அவளுடைய கட்டைவிரல் மட்டும் தெரிந்தது. "நீயும் வந்து நில்லேன்" என்று யாராவது கூப்பிட்டால், "நான் நின்னா யார் எடுப்பா?" என்பாள். நான் எடுக்கிறேன் என்று ஒருநாள்கூட இந்த மனுஷன் சொன்னதில்லை. அதை இப்போது நினைத்தால் சோறு இறங்கவில்லை.

கல்யாண ஆல்பத்தில் இருபத்து மூன்று வயதில் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். வகிடு நன்றாகத் தெரிந்தது. ஆதார் அட்டையில் இருப்பது வசுமதிதான் என்று அரசாங்கம் நம்பியது, வீட்டில் யாரும் நம்பவில்லை. மகள் ஸ்நேகாவின் கல்யாணம் கோவிட் காலத்தில் டொரான்டோவில் நடந்ததால் இவர்கள் டில்லியிலிருந்து லேப்டாப்புக்கு அட்சதை போட்டார்கள். வீடியோ காலில் பேசும்போதெல்லாம் வசுமதி காட்டியது தன் நெற்றியையும் மின்விசிறியையும்தான்.

ஸ்நேகாவுக்கு இப்போது எட்டாம் மாதம். விமானத்தில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தினமும் போனில் அழுதாள். "பொறக்கப் போற பேபிக்கு இதுதான் உன் பாட்டின்னு காட்டணும்ப்பா. ஒரே ஒரு நல்ல போட்டோ போதும்" என்று அவள் கேட்டதிலிருந்துதான் அவர் இந்த வேலையில் இறங்கினார்.

ஆனால் அவளிடம்கூடச் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. பத்தாம் நாள் காலையில் காபி ஆற்றும்போது வசுமதியின் முகத்தை நினைத்துப் பார்த்தார். வரவில்லை. குரல் வந்தது, வளையல் சத்தம் வந்தது, அதட்டல்கூட வந்தது. முகம் மட்டும் வரவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பயந்துபோய் உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் ஒரு படம் அகப்பட்டது. ஏழு வருஷத்துக்கு முந்தைய ஜனவரி, லோதி கார்டன். வசுமதியின் தங்கை அனந்தலக்ஷ்மி குடும்பத்தோடு நாகபுரியிலிருந்து வந்திருந்த சமயம். பத்மநாபன் நடுநாயகமாக நின்றார். அவர் தோளுக்குப் பின்னால், கிளிப்பச்சைச் சால்வையில், பாதி முகமும் ஒரு பக்கத்து மூக்குத்தியுமாக வசுமதி.

"இதுல சித்தியைக் காணோமே?" என்றாள் ஸ்நேகா, அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டுப் போனில்.

"அவதான் எடுத்திருப்பா."

பாதி முகம் இருந்தாலே போதும், மீதியை ஆப் தானாகப் போட்டுக்கொள்ளும் என்று ஸ்நேகா வழி சொன்னாள். போட்டது. அந்த வேகத்தில்தான் கறையையும் நீக்கப்போய்ப் பொட்டைத் தொலைத்தார்.

சரி, பொட்டை நாமே வைப்போம் என்று ஸ்டிக்கர்களைத் தேடினார். ரோஜா இருந்தது, பூனைக் காது இருந்தது, பொட்டு இல்லை. ஒரு சிவப்பு வட்டத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். அது முதலில் கன்னத்தில் உட்கார்ந்தது, பிறகு டிராஃபிக் சிக்னல் அளவுக்குப் பெருத்தது. ஒரு மணி நேரம் கெஞ்சிக் கூத்தாடிய பிறகு நெற்றிக்கு வந்தது. அதை 'வசு ஃபைனல்' என்று சேமித்தார்.

அடுத்து மூக்குத்தி. வசுமதி இரண்டு பக்கமும் குத்திக்கொண்டவள். ஆகவே மினுக்கும் நட்சத்திரத்தில் இரண்டை எடுத்துப் பக்கத்துக்கு ஒன்றாக வைத்தார். வசு ஃபைனல் இரண்டு. முகம் வாட்டமாக இருக்கிறதே என்று புன்னகைக்கான பொத்தானை அழுத்தினார். முப்பத்திரண்டு பல்லும் வெளியே வந்தது. வசுமதி பல் தெரியச் சிரித்ததே கிடையாது. வாயை மூடவைப்பதற்குள் ஃபைனல் ஆறு ஆகிவிட்டது.

ஏழாவது சரியாக வந்தது. நிம்மதிப் பெருமூச்சு விட்டுச் சேமிக்கப்போனவர், பக்கத்திலிருந்த பகிர்வுப் பொத்தானை அழுத்திவிட்டார். 'என் புதிய தோற்றம்! எப்படி இருக்கிறேன்?' என்ற வாசகத்தைத் தானாகவே சேர்த்துக்கொண்டு, படம் நேராகக் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது.

அழிப்பதற்குள் கட்டைவிரல்கள் நிமிர்ந்தன. அச்சு அசல் வசுவேதான் என்று எழுதினார்கள். எதையும் படிக்காமல் எல்லாவற்றுக்கும் பதில் போடும் மும்பைப் பெரியப்பா, 'இனிய பிறந்தநாள் வாழ்த்துகள் வசு, நூறு வயசு இருக்கணும்' என்று கேக் படமும் அனுப்பினார். பத்மநாபனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவர் எப்போது அழ ஆரம்பித்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

"அம்மா ரொம்ப யங்கா இருக்காப்பா" என்றாள் ஸ்நேகா. "இதையே போட்டுடுங்கோ."

குப்தாஜி கடையில் படத்தைப் பெரிதாக்கித் திரையில் காட்டினார்கள். பத்மநாபன் வெகுநேரம் பார்த்தார். ஆமாம், இவள்தான், இவளேதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பத்தாம் நாளிலிருந்து கூடவே இருந்த பயம் அப்போதுதான் விலகியது. வீடு வரைக்கும் ஆட்டோவில் ஃபிரேமை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலை வாத்தியார் படத்துக்கு மாலை போடச் சொன்னார். விளக்கேற்றினார்கள். பெண்கள் ஒவ்வொருவராக விழுந்து நமஸ்கரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்கள். வசுவுக்கு இப்போதுதான் ஒரு நல்ல படம் அமைந்திருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். பத்மநாபனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பத்து மணிக்கு வாசலில் டாக்ஸி வந்து நின்றது. அனந்தலக்ஷ்மி. முழங்கால் ஆபரேஷன் ஆகி நாகபுரியில் படுக்கையில் இருந்தவள், இன்றைக்காவது வந்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்துக் கைத்தடியோடு வந்திருந்தாள். அவளிடம் வாட்ஸ்அப் கிடையாது. குளிருக்குத் தலையோடு போர்த்தியிருந்த கிளிப்பச்சைச் சால்வையைப் பார்த்ததும் பத்மநாபன் ஒரு கணம் பதறி எழுந்துவிட்டார்.

அக்கா என்று அழுதுகொண்டே உள்ளே வந்தவள், கீழே உட்கார முடியாமல் நின்றபடியே படத்தைப் பார்த்துக் கை கூப்பினாள். கூப்பிய கை அப்படியே நின்றது. தலை மேலிருந்த சால்வை நழுவியது. மாலை போட்ட முகத்தையும் அவள் முகத்தையும் அறையில் இருந்தவர்கள் மாறி மாறிப் பார்த்தார்கள்.

அனந்தலக்ஷ்மி அவர் பக்கம் திரும்பினாள். கோபமில்லை. தழைந்த குரலில்தான் சொன்னாள்.

"அத்திம்பேர், இது நான். அக்காதான் எடுத்தா. உங்க முகம் மறையறதுன்னு என்னை உங்க பின்னாடி தள்ளி நிக்கச் சொன்னாளே, ஞாபகம் இல்லையா?"