ஈப்போ ஸ்டேஷனில் என் வயிறு

ஊரில் நாலாவது வரை படித்தவன் பேனா பிடிப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் என் வயிறு ஒரு காலத்தில் மலாயாவின் பேராக் மாநிலம் முழுவதும் பிரயாணம் செய்தது. அதைப் பற்றி வேறு யாரும் எழுதப் போவதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு ஒரு வெள்ளைக்கார டாக்டர் மலேரியாவை ஆராய வந்தார். காய்ச்சலில் மண்ணீரல் வீங்கியவர்களைப் படம் பிடிக்கப் போவதாகச் சொன்னார்கள். நான் முந்திக்கொண்டேன். கல்யாணமான சூட்டோடு கப்பலேறியவன் நான். ஊரில் இருந்த மனைவிக்கு என் முகம் மறந்தே போயிருக்கும். (எனக்கும் அவள் ஒரு மூக்குத்தியும் குனிந்த தலையுமாகத்தான் மிஞ்சியிருந்தாள்.) இரவல் கோட்டு மாட்டி, மீசையை முறுக்கி, காமிரா முன் நின்றேன்.

"கோட்டக் கழட்டுலா," என்றார் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர். "தொரைக்கு வயிறுதான் வேணும்."

வீக்கத்தைச் சுற்றி மையால் கோடு போட்டார்கள். படத்தில் கழுத்துக்கு மேல் நான் இல்லை.

டாக்டரின் புத்தகத்தில் சில படங்களுக்குத்தான் இடம் இருந்ததாம். மிச்சப் படங்களையும் காய்ச்சல் கணக்குகளையும் கேட்ட டாக்டர்களுக்கெல்லாம் அனுப்பினார். என் வயிறு கோலா கங்சார் போனது, பாகான் செராய் போனது. "மச்சான், ஒன் வயிறு தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கும் போயிருச்சாம். நீ எப்பலா?" என்றார்கள் கூட்டாளிகள்.

நானும் டாக்டரிடம் போய்க் கேட்டேன். படமும், என் காய்ச்சல் ஏறி இறங்கியதைக் கோடாகப் போட்ட தாளும் கிடைத்தன. அனுப்ப வேறு படம் ஏது? இரண்டையும் ஊருக்கு அனுப்பினேன்.

அடுத்த ஆண்டு அவள் வந்தாள். பினாங்கில் கப்பல் இறங்கி, வேறு தோட்டத்து ஆட்களோடு ரயிலில் ஈப்போவுக்கு. பெண்கள் கும்பலாக இறங்கினார்கள். எல்லார் மூக்கிலும் மூக்குத்தி! பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வெட்கம். பிளாட்பாரக் கோடியில் கூட்டம் கூடியிருந்தது. எட்டிப் பார்த்தேன். ஒருத்தி என் வயிற்றை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"புருஷன் பேரச் சொல்லும்மா, கூப்பிட்டுப் பாக்கிறேன்," என்றார் பலகாரம் விற்ற பாய்.

"பேரச் சொல்ல மாட்டேன். இவருதான்."

"வயித்த வச்சுக்கிட்டு யாரன்னு தேடுறது?"

"வண்டி கெளம்புது, எங்களோடயே வந்துரு புள்ள," என்று கூட வந்தவர்கள் அவள் கையை இழுத்தார்கள்.

எந்தத் தோட்டத்துக்கோ! போனால் போனதுதான். என் வாய் திறக்கவில்லை. சட்டையைத் திறந்தேன்.

தொப்புளுக்கு மேலே சின்ன வயதில் சுட்டுக்கொண்ட தழும்பு. அவள் படத்தைப் பார்த்தாள், தழும்பைப் பார்த்தாள், கடைசியாகத்தான் முகத்தைப் பார்த்தாள்.

"யா அல்லா, இவருக்குத் தலையும் இருக்கே!" என்றார் பாய்.

தோட்டத்துக்கு நடக்கும்போது அவள் மடியிலிருந்து காய்ச்சல் தாளை எடுத்தாள். மடிப்பெல்லாம் கிழிந்து, விரல் பட்டுப் பட்டுக் கோடு மங்கியிருந்தது.

"இது எறங்குன எடத்தப் பாத்துப் பாத்துத்தான் எனக்குச் சோறு எறங்குச்சு," என்றாள்.

இன்றைக்கும் நேரம் கழித்து நான் கதவைத் தட்டினால், "வயித்தக் காட்டுங்கப்பா, அப்பத்தான் தெறப்போம்" என்று பிள்ளைகள் உள்ளேயிருந்து கத்துகிறார்கள். அவளும் சேர்ந்து சிரிக்கிறாள்.

அவள் வந்த மறுநாள், விடியலில் ஆட்களைப் பேர் சொல்லி எண்ணும் பெரட்டுக்கு வரிசையாக நின்றோம். ஸ்டேஷனில் நான் கூப்பிட வெட்கப்பட்ட அவள் பெயரைக் கணக்கெழுதும் கிராணி சத்தமாகக் கூப்பிட்டார். "இருக்கேன்" என்றாள்.