முழங்காலுக்கு மட்டும் கேட்ட கிட்டார்

‘என்னைக் கொஞ்சம் ஏத்துங்க’ இனத்தாரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டாலும் கேட்டிருப்பீர்கள், கேட்காமல் இருக்க அவர்கள் விடமாட்டார்கள். அலுவலகக் கூட்டத்தில் அடுத்தவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் புகுந்து, “அதையே நான் இப்படிச் சொல்றேன்” என்று அதையே சொல்பவர், குடும்பப் புகைப்படம் எடுக்கும்போது குழந்தையைத் தூக்கிக்கொள்ளும் சாக்கில் நட்டநடுவில் வந்து நிற்பவர், துக்க வீட்டில் போனவரைப் பற்றிப் பேச ஆரம்பித்து, போனவருக்குத் தான் செய்த உதவிகளில் முடிப்பவர், எல்லோரும் இந்த இனம்தான். ஆனால் கலப்படமில்லாத அசலைப் பார்க்க வேண்டுமென்றால் ராக் இசைக்குழுவுக்குத்தான் வரவேண்டும். எங்கள் குழுவில் ஒருவர் இருக்கிறார். முதல் கிட்டார் அவர்தான். ஏத்துங்க அண்ணன் என்று கூப்பிடுவோம்.

இவருடைய நடைமுறை என்ன தெரியுமா? நிகழ்ச்சிக்கு முன்னால் ஒலி அளவைச் சரிபார்க்கும்போது, குழந்தையைத் தூங்கப் பண்ணுகிற மாதிரி அவ்வளவு மெதுவாக வாசிப்பார். சவுண்ட் இன்ஜினியரும் நம்பி, அதற்கேற்றபடி அளவு வைத்துவிட்டுப் போவார். விளக்கு அணைந்து கூட்டம் கத்த ஆரம்பித்ததும், முதுகு சொறிகிறவர்போல அண்ணனின் கை பின்னால் போகும். அங்கேதான் கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் ஆம்ப் பெட்டி தரையில் இருக்கிறது. ஒரு திருகு. இரண்டாம் பாட்டுக்கு இன்னொரு திருகு. கேட்டால், “எனக்கு என்னையே கேக்கல” என்பார். அரங்கில் ஆள் இல்லையா? “காலியா இருக்கு, ஏத்தினாத்தான் நிரம்பும்.” நிறைய ஆள் வந்துவிட்டார்களா? “இத்தனை பேரும் சத்தத்தைக் குடிச்சிடறாங்க, ஏத்தினாத்தான் எடுபடும்.” இவருடைய கணக்கில் இறக்குவதற்கு ஒரு காரணமும் கிடையாது.

கெட்டவரா? சேச்சே, தங்கமான மனிதர். குழுவின் வேனை ஓட்டுவது அவர்தான். ட்ரம்மருக்கு ஜுரம் வந்தால் மாத்திரை வாங்கிக்கொண்டு ஓடுவதும் அவர்தான். தங்கை நன்றாகப் பாடுவாள், நன்றாக எழுதுவாள் என்று வீட்டில் சண்டை போட்டு, அவளை எங்கள் பாடகியாக்கியதும் அவர்தான். ஆக்கிவிட்டு, அவள் பாடுவது ஒருவர் காதிலும் விழாதபடி பார்த்துக்கொண்டதும் அவரேதான்.

பழைய சவுண்ட் இன்ஜினியர் ரொம்ப நல்லவர். கோளாறே அதுதான். யார் கேட்டாலும் ஏற்றிவிடுவார். அண்ணன் ஏறினால், தன் அடி தனக்கே கேட்கவில்லை என்று ட்ரம்மர் இன்னும் ஓங்கி அடிப்பார். ட்ரம்மர் ஓங்கினால் என் பேஸ் கிட்டாருக்கு நானும் ஒரு சுற்று கேட்பேன். உடனே அண்ணனுக்குத் தன்னையே கேட்காது. சுத்தமான ஏலம்! அண்ணனுக்கும் எனக்கும் திருகு இருந்தது, ட்ரம்மருக்குக் கை இருந்தது. பாடுகிறவளின் தொண்டைக்கு ஏது திருகு? முன்வரிசைக்காரர்கள் காதில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கைதட்டல் குறைவு என்று அண்ணன் வருத்தப்படுவார். விரலை எடுத்தால்தானே ஐயா தட்ட முடியும்? கடைசியில் அந்த நல்லவர், தனக்கு நூலகத்தில் வேலை கிடைத்துவிட்டது என்று ஒருநாள் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த வாரம்தான் தங்கை குண்டைத் தூக்கிப் போட்டாள்.

“அண்ணா, இந்த சனிக்கிழமை பாடறேன். கேக்க வந்தவங்கள்ல யாராவது ஒருத்தர், என் பாட்டுல ஒரே ஒரு வரியைத் திருப்பிச் சொல்லட்டும். சொல்லலேன்னா, அதோட நான் நிறுத்திக்கறேன்.”

“என்னம்மா நீ, உன் பாட்டு எல்லாருக்கும்...” என்று ஆரம்பித்த அண்ணன், பாதியிலேயே கிட்டாரின் கம்பியை முறுக்கி, டொய்ங் என்று ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். அவள் எழுந்து போய்விட்டாள். பாடுவதும் அவள், பாட்டுகளை எழுதுவதும் அவள். அவள் போனால் நாங்கள் மூன்று பேரும் வெறும் இரைச்சல்.

சனிக்கிழமை மத்தியானம் புது சவுண்ட் இன்ஜினியர் வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி; அரங்கின் இந்தக் கோடியில் சிரித்தால் அந்தக் கோடிக்குக் கேட்கும். கடைசிப் பாட்டை வாசிக்கச் சொல்லிவிட்டு, ஒலிப்பலகை முன்னால் உட்காராமல் ஊர்வலம் போக ஆரம்பித்தார். நடுவரிசையில் நின்றார், தூணுக்குப் பின்னால் ஒளிந்து கேட்டார், கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டும் கேட்டார். வெளியே வந்து என்னைப் பார்த்து, “உங்க பேஸ் அங்கதான் பிரமாதமா கேக்குது” என்றார். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

“சரி, இந்தப் பாட்டு எதைப் பத்தி?”

“காதல் தோல்வி, மேடம்,” என்றார் அண்ணன். “ஒரே சோகம். அதான் நான் நடுவுல அழற மாதிரி வாசிக்கறேன்.”

“மழை பத்தி இல்லையா?” என்றார் ட்ரம்மர். “இடி இடின்னு வருமே.”

“அது நீங்க அடிக்கறது,” என்றாள் தங்கை.

என் பக்கம் திரும்பினார்கள். நான் குனிந்து, அவிழாத செருப்பு வாரைக் கட்டிக்கொண்டிருந்தேன். இன்ஜினியர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் தங்கையைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். “நீயாவது சொல்லும்மா.”

“சாயந்திரம் கேட்டுக்கட்டும்,” என்றாள் அவள்.

புதிதாக வந்தவர் எதை எதை ஏற்றுவார் என்று நாங்கள் காத்திருந்தோம். அவரோ எல்லாவற்றையும் இறக்கினார். ட்ரம்மரின் கையிலிருந்த தடிகளைப் பிடுங்கிக்கொண்டு மெல்லிய குச்சிகளைக் கொடுத்தார். என் பேஸில் பாதியைக் கழித்தார். பிறகு ட்ரம்மரை ஒரு கை பிடிக்கச் சொல்லி, அண்ணனின் ஆம்பைத் தரையிலிருந்து தூக்கி ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார். அது கொஞ்சம் மல்லாந்து, அண்ணனின் முகத்தையே பார்த்தது.

“என்ன மேடம் இது?”

“சார், இது இத்தனை நாளும் தரையில இருந்துச்சு. சத்தம் உங்க முழங்காலைத் தாண்டி நேரா முன்வரிசைக்காரங்க மூஞ்சியில போய் அடிச்சுது. உங்க காதோ இங்க மேல இருக்கு. முழங்காலுக்கு மட்டும் வாய் இருந்திருந்தா, எப்பவோ போதும்னு அழுதிருக்கும். வழக்கமா வைக்கற அளவுலயே வச்சு வாசிங்க.”

வாசித்தார். ஒரே ஒரு தட்டு.

“ஐயோ!” என்று துள்ளி மைக் கம்பத்தில் இடித்துக்கொண்டார். “யாரு இவ்ளோ சத்தமா வாசிக்கறது?”

“நீங்கதான், சார்.”

அண்ணன் பெட்டியைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். பிறகு, நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன், தானே குனிந்து, தன் கையாலேயே, திருகை இறக்கினார். நானும் ட்ரம்மரும் கட்டிப்பிடித்துக் குதித்தோம்.

சாயந்திரம் முதல் பாட்டிலேயே முன்வரிசை விரல்கள் காதைவிட்டு வெளியே வந்தன. எங்கள் பாட்டுகளில் இடைவெளி என்று ஒன்று இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பழக்கதோஷத்தில் அண்ணனின் கை பின்னால் போகும். திருகைத் தொட்டதுமே நாற்காலி அவர் காதுக்குள் குரைக்கும். சூடுபட்டவர்போலக் கையை இழுத்துக்கொள்வார்.

கடைசிப் பாட்டு வந்தது. அவள் பாடினாள்.

“நீ முடிச்சதும் சொல்லு, நான் ஆரம்பிக்கணும்,
வாசல்லயே நிக்குது நான் சொல்ல வந்தது.”

கூட்டத்தில் யாரோ கலகலவென்று சிரித்தார்கள். கேட்டுவிட்டது! எனக்குத் தலைகால் புரியவில்லை. அவள் தொடர்ந்தாள்.

“ரோடு தாண்ட வச்ச கை, சைக்கிள் புடிச்ச கை,
என் வாயிலிருந்து எப்ப எடுப்பே அண்ணா?”

அடுத்தது அண்ணன் அழுகிற மாதிரி வாசிக்க வேண்டிய இடம். வாசிக்கவில்லை. வாயைப் பிளந்துகொண்டு தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு வருடமாக அவர் ஒருமுறைகூடத் தவறவிடாத இடம் வெறுமையாகக் கிடந்தது. அந்த இடத்தில் முன்வரிசையில் ஒரு பெண் மெதுவாக, “நீ முடிச்சதும் சொல்லு” என்று எடுத்தாள். பக்கத்து வரிசை சேர்ந்துகொண்டது. அப்புறம் அரங்கம் முழுக்கப் பாடியது. ஒரே ஒரு வரி போதும் என்றிருந்த தங்கை, மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதபடியே சிரித்தாள்.

நிகழ்ச்சி முடிந்து மேடைக்குப் பின்னால் அண்ணன் அவளிடம் வந்தார்.

“ஏம்மா, அந்தப் பாட்டு என்னைப் பத்தியா?”

“ஆமாண்ணா.”

“என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே?”

“சொன்னேனே. ஒவ்வொரு சனிக்கிழமையும். மைக்ல.”

அண்ணன் நேராக இன்ஜினியரிடம் போய், இதுவரை நாங்கள் கேட்டிராத தாழ்ந்த குரலில், “மேடம், அடுத்த வாரம் அந்த வரியில இவளைக் கொஞ்சம் ஏத்துங்க” என்றார். நாங்கள் உருகிப்போய்விட்டோம். “அப்படியே அதுக்கு அடுத்த வரியில என்னையும்...” என்று இழுத்தார். ட்ரம்மர் நாற்காலியைத் தூக்கிக் காட்டினார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். இதைப் படிக்கும்போதே, “எனக்கு ஒருத்தனைத் தெரியும், அச்சு அசல் இவனேதான்!” என்று பக்கத்தில் இருப்பவரிடம் கதையை ஆரம்பித்திருப்பீர்கள். அவர்கூட நடுவில் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாரே.

என்ன சொன்னார்?