குளிர்ந்த குழலின் முதல் தோட்டா

இந்த வருஷம் மலையாட்டைச் சுடுவது நான்தான் என்று சபதம் செய்தேன்.

எங்கள் போஹின் பள்ளத்தாக்கின் வேட்டைச் சங்கம் வீட்டுக்கு ஓர் ஆடுதான் ஒதுக்கும். எங்கள் வீட்டிலோ வேட்டைக்காரர்கள் இரண்டு பேர்: நானும் என் மனைவி நேஷாவும். மலைக்குப் போகாதவர் வீட்டிலேயே இருந்து, குளிர்காலத்துக்கு ஊறப்போட முட்டைக்கோஸ் நறுக்க வேண்டும். என் கை நறுக்கி நறுக்கியே காய்த்திருந்தது.

அதனால் புதுத் துப்பாக்கி வாங்கினேன். எடை இறகுடையது. உதை கழுதையுடையது.

"குறி பாக்கற ஸ்கோப்பைச் சரிபண்றேன். குறி நடுவுல விழுந்தா நாளைக்கு மலை எனக்கு," என்றேன்.

"தாராளமா. எங்க படுதுன்னு நான் பைனாகுலர்ல பாத்துச் சொல்றேன். உதைக்கும், தோளுக்குத் தலகாணி வெச்சுக்கோங்க."

"நான் என்ன பச்சைக் குழந்தையா?"

புல்வெளியின் கோடியில் குறி அட்டையை மாட்டிவிட்டு, படுத்துச் சுட்டேன்.

"இடது பக்கம், ரெண்டு விரல்," என்றாள்.

ஸ்கோப்பின் திருகைத் திருப்பினேன். சுட்டேன்.

"இப்ப வலது."

திருப்பினேன். சுட்டேன்.

"ஐயோ, மேல!"

மெல்லிய குழல் அடுப்பில் வைத்ததுபோல் காய்ந்தது. ஒவ்வொரு உதைக்கும் ஸ்கோப் என் புருவத்தைக் கடித்தது.

"விடாதீங்க, இன்னும் ஒண்ணு!"

அந்த இன்னும் ஒன்றில் வலது கண் வீங்கி முழுதாக மூடிக்கொண்டது. அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்தவள் கேட்டாள்:

"நாளைக்கு எந்தக் கண்ணால குறி பாப்பீங்க?"

மறுநாள் அதே துப்பாக்கியோடு அவள் போனாள். ஒரே தோட்டா, ஆடு விழுந்தது. சங்கத் தலைவர் வேட்டை வென்றதற்கு அடையாளமாக அவள் தொப்பியில் ஊசியிலைக் கொப்பு செருக, ஊரே கைதட்டியது.

வீட்டில் கத்தினேன். "கோணல் துப்பாக்கியில எப்படிடி சுட்டே?"

குறி அட்டையை மேஜையில் போட்டாள். நட்டநடுவில் ஓர் ஓட்டை. மற்றவை ஊர் சுற்றின.

"நடுவுல இருக்கே, அதுதாங்க உங்க முதல் தோட்டா."

"இடதுன்னு சொன்னியே!"

"சொன்னேன். குழல் குளிர்ந்திருக்கும்போது போற தோட்டாதான் கணக்கு. ரெண்டாவதுக்கு ஆடு நிக்குமா? சூடான குழல்ல எல்லாம் அலையத்தான் செய்யும். நீங்க திருகினதை எண்ணி வெச்சு, பழையபடி திருகிட்டேன்."

"இது மோசடி!"

"தலகாணி வெச்சுக்கச் சொன்னேனே, கேட்டீங்களா?" என்று கத்தியைக் கையில் கொடுத்தாள்.

ஒற்றைக் கண்ணாலும் முட்டைக்கோஸ் நறுக்கலாம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.