நாலு ராஜாக்களைப் புதைத்த கதை

சீட்டாடத் தெரியாது என்று சொல்கிறவனோடு தாராளமாகச் சீட்டாடலாம். தெரியும் என்கிறவனோடும் ஆடலாம். "எல்லாச் சீட்டாட்டமும் ஒண்ணுதாங்க" என்கிறவனை மட்டும் மேஜைப் பக்கமே விடக் கூடாது. நான் இந்த மூன்றாவது ரகம். சம்பவம் நடந்தபோது எனக்கு அறுபது வயது. ஆகவே 'ஏதோ சின்ன வயசு, அறியாமை' என்று தப்பிக்கவும் வழியில்லை.

என் மகள் வித்யா ஜாதவ்பூரில் கூடப் படித்த ஜேசன் லியாங்கைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள். டேங்ராவில் சாஸ் தயாரிக்கிற சீனக் குடும்பம். அவர்கள் கல்கத்தாவுக்கு வந்து நாலு தலைமுறை. பவானிபூரில் எங்களுக்கு மூன்றுதான். கணக்குப்படி அவர்களைவிட நாங்கள்தான் கொஞ்சம் கூடுதல் அந்நியர். எங்கள் பக்கம் அழுது முடித்துச் சம்மதித்துவிட்டோம். (அழுதது நான் மட்டும். என் மனைவி கோமதி அன்றைக்கே புடவை பார்க்கக் கிளம்பிவிட்டாள்.) ஜேசனின் அப்பா லியாங்தான் பாக்கி. மனிதர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "ஞாயித்துக்கிழமை சாப்பிட வரச் சொல்லு, பார்க்கலாம்" என்றதோடு சரி.

டாக்ஸியில் போகும்போதே கோமதி ஆரம்பித்தாள். "ஏங்க, சாப்பிட்டோமா, சிரிச்சோமா, வந்தோமான்னு இருக்கணும். எனக்குத் தெரியும்னு எதையாவது ஆரம்பிச்சீங்க..." வாக்கியத்தை முடிக்கவில்லை. முப்பத்திரண்டு வருஷமாக முடித்ததில்லை.

முன்சீட்டிலிருந்து வித்யா திரும்பிப் பார்த்து, "அப்பா, அங்கிள் வாயிலேருந்து இன்னிக்கு 'சரி' வரணும். ப்ளீஸ், சொதப்பிடாதே" என்றாள்.

"நான் எதுக்கும்மா சொதப்பப் போறேன்?" என்றேன். வங்கியில் முப்பத்தைந்து வருஷம் அதிகாரியாக இருந்தவனிடம் சொல்கிற பேச்சா இது?

சாப்பாடு அமோகமாக நடந்தது. சாப்பாட்டுக்கு நடுவில் லியாங் மொத்தம் பேசியது "இன்னும் கொஞ்சம் மீன்?" என்பதுதான். கல்யாணப் பேச்சையே எடுக்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த ஒரு காகிதத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அதில் பெரிதாக 'J' என்று எழுதியிருந்தது.

விஷயம் இதுதான். அந்த வீட்டில் ஞாயிறுதோறும் 'ஷெங் ஜி' என்று ஒரு சீட்டாட்டம். படியேறுவது என்று அர்த்தமாம். லியாங்கும் அவர் மைத்துனர் டோனியும் ஒரு கட்சி. லியாங்கின் மனைவி மேரியும் ஜேசனும் எதிர்க்கட்சி. இரண்டில் ஆரம்பித்து ஆஸ் வரைக்கும் ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். ஒன்பது மாதமாக ஏறி லியாங் கட்சி ஜாக்கிப் படிக்கு வந்திருந்தது. வந்த வாரத்தில் டோனி மகளோடு இருக்க டொராண்டோ போய்விட்டார். அன்றிலிருந்து நாற்காலி காலி, ஆட்டமும் நின்றுவிட்டது.

"துருப்பு உள்ள ஆட்டமா?" என்று கேட்டேன்.

"ஆமா அங்கிள்" என்றான் ஜேசன்.

"அடடே, அப்ப நான் உட்கார்றேனே! எல்லாச் சீட்டாட்டமும் ஒண்ணுதானே?"

மேஜைக்கடியில் கோமதியின் குதிகால் என் பாதத்தில் இறங்கியது. ஆனால் லியாங்கின் முகம் மலர்ந்துவிட்டது. இனி நானாவது பின்வாங்குவதாவது!

ஜேசன் விதிகளைச் சொன்னான். எந்தப் படியில் நிற்கிறோமோ அந்த எண்ணுள்ள சீட்டெல்லாம் துருப்பு. "நீங்க ஜாக்கிப் படியில இருக்கீங்க. அதனால இன்னிக்கு ஜாக்கிதான் பெரிய ஆள்."

வேறு எந்தப் படியில் இருந்திருந்தாலும் நான் காது கொடுத்துக் கேட்டிருப்பேன். என் தலையெழுத்து, ஜாக்கி! ஹவுராவில் ஏறிச் சென்னை போய் இறங்கும்வரை ரயிலில் நாங்கள் ஆடும் 'இருபத்தெட்டு' ஆட்டத்திலும் ஜாக்கிதான் பெரிய சீட்டு. அடுத்தது ஒன்பது. ராஜாவும் ராணியும் செல்லாக்காசு. வங்காளிகள் கூட ஒன்று சேர்த்து 'இருபத்தொன்பது' என்பார்கள், சரக்கு அதேதான். 'அட, நம்ம ஆட்டத்தைத்தான் சீனாக்காரன் தூக்கிட்டுப் போயிருக்கான்!' என்று முடிவு கட்டி அப்போதே காதை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஜேசன் சொன்னவை (சொன்னானாம், நாலு சாட்சிகள் இருக்கிறார்கள்): ஜாக்கியைத் தவிர மற்றதெல்லாம் சாதாரண வரிசை. ராஜாவுக்கும் பத்துக்கும் பத்துப் புள்ளி, ஐந்துக்கு ஐந்து. ஜோக்கர் ஜாக்கியைவிடப் பெரியது. எதிர்க்கட்சி எண்பது புள்ளி எடுத்தால் எங்கள் கட்சி தோற்றது. ஆட்டத்தைத் தொடங்குகிற கைக்காரர், நடுவில் மிஞ்சுகிற எட்டுச் சீட்டை எடுத்துக்கொண்டு, கையிலிருந்து வேண்டாத எட்டைக் கவிழ்த்துப் புதைக்க வேண்டும். கடைசிப் பிடியை எதிர்க்கட்சி பிடித்தால், புதைத்த புள்ளிகள் அவர்களுக்கு இரட்டிப்பாகப் போய்ச் சேரும். அந்தக் கடைசிப் பிடியை ஒரு ஜாக்கியால் பிடித்துவிட்டால், நாங்கள் மறுபடி இரண்டாம் படி.

நான் இதற்கெல்லாம் "ம்... தெரியும், தெரியும்" என்று தலையாட்டினேன்.

மிளகாய் சாஸ் பாட்டிலில் சாய்த்து வைத்த போனில் டொராண்டோ டோனி வந்தார். அங்கே விடியற்காலை. பனியனோடு, கையில் டீயோடு, தன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என்னை உற்றுப் பார்த்தார். டோனியின் முறைதான் வந்திருந்ததால் நானே கைக்காரன். ஆட்டத்தில் கூட்டாளிகள் பேசக் கூடாது, கண்ணைக்கூடச் சிமிட்டக் கூடாது.

இரண்டு கட்டுச் சீட்டு. ஆளுக்கு இருபத்தைந்து. நடுவிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். எனக்கு ஸ்பேடு ஜாக்கி வந்ததும் சந்தோஷம் தாங்காமல் மேஜையில் ஓங்கி அடித்து, "ஜாக்கி!" என்றேன். எல்லோரும் மரியாதையாகத் தலையசைத்தார்கள். என் கம்பீரத்தில் அசந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். நான் ஸ்பேடைத் துருப்பாக அறிவித்திருக்கிறேன் என்பது எனக்கு மட்டும் தெரியாது.

பிறகு புதைக்கும் எட்டுச் சீட்டு. என் கையில் நாலு ராஜா, இரண்டு ராணி. குப்பை! எல்லாவற்றையும் புதைத்தேன். இரண்டு ஜோக்கர் வேறு. கோமாளிக்கு இங்கே என்ன வேலை? அதையும் புதைத்தேன். எதிரே லியாங் என் வேகத்தைப் பார்த்துப் பெருமையோடு நிமிர்ந்து உட்கார்ந்தார். பாவம் மனுஷன்.

முதல் மூன்று சுற்றிலும் மூன்று ஜாக்கிகளை டமார் டமார் என்று அடித்தேன். மற்றவர்கள் மூன்றும் நாலுமாகப் போட்டார்கள். நாலாவதாக ஆட்டின் ஒன்பதை வைத்து, 'இதை எவன் பிடிப்பான்' என்று மீசையைத் தடவினேன். மேரி ஒரு ராஜாவைப் போட்டு அள்ளிக்கொண்டு போனார்.

"அது ராஜாங்க" என்றேன், தவறைச் சுட்டிக்காட்டுகிற தொனியில்.

"ஆமா, ராஜாதான்" என்றார் மேரி.

லியாங்கின் நெற்றியில் முத்து முத்தாக வியர்த்தது. போனில் டோனி டீயைக் கீழே வைத்தார். ஆனாலும் விடுவேனா? ஒரு ஒன்பதைக் கடைசிப் பிடிக்கென்று பத்திரமாகப் பொத்தி வைத்திருந்தேன்.

கடைசிச் சுற்று. எதிர்க்கட்சி கையில் அதுவரை முப்பதே புள்ளி. ஜேசன் தன் கடைசிச் சீட்டைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், வித்யாவைப் பார்த்தான். "நான் இதைப் போடாம இருக்கலாமா?" என்று முனகினான்.

"கையில இருக்கிறதே அது ஒண்ணுதான், போடுடா" என்றார் மேரி.

ஜாக்கி! நான் பொத்தி வைத்த ஒன்பது அதன் காலடியில் போய் விழுந்தது.

லியாங் புதைத்த சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பினார். ராஜா. ராஜா. ராஜா. ராஜா. நாற்பது புள்ளி, இரட்டித்தால் எண்பது. ராணி, ராணி. ஜோக்கர் வந்தபோது அவர் கை நின்றுவிட்டது. இரண்டாவது ஜோக்கரை மேரிதான் திருப்ப வேண்டியிருந்தது. போனில் டோனியைக் காணோம், காலி நாற்காலி மட்டும் தெரிந்தது. மேரி சிரித்த சிரிப்பில் சாஸ் பாட்டில்கள் கிணுகிணுத்தன. வித்யா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் எனக்கு நிஜமாகவே செத்துவிடலாம் போலிருந்தது.

லியாங் எழுந்துபோய் 'J'யை அடித்துவிட்டு '2' என்று எழுதினார். திரும்பி வந்து உட்கார்ந்து, இந்தியும் வங்காளமும் கலந்து கேட்டார். "தாதா, ஜோக்கரை எதுக்குப் புதைச்சீங்க?" (தாதா என்றால் வங்காளத்தில் அண்ணா.)

"எங்க ஆட்டத்துல அதை டப்பாவிலேயே விட்டுருவோம்."

லியாங் பேனாவை மூடி வைத்தார். "எங்க வீட்டு வழக்கம் ஒண்ணு இருக்கு. கீழே இறக்கிவிட்டவன்தான் திரும்ப ஏத்திவிடணும். ஜாக்கி வர்ற வரைக்கும் அந்த நாற்காலி உங்களுது. ஒவ்வொரு ஞாயிறும் வரணும்."

"வர்றேன்" என்றேன். நரகத்துக்கு வரச் சொல்லியிருந்தாலும் வந்திருப்பேன்.

"விருந்தாளி ஒரு நாள் உட்காரலாம். வாராவாரம்னா குடும்பத்து ஆள்தான் உட்காரலாம்." மேரியிடம் திரும்பினார். "காலண்டரை எடு. கல்யாணத்துக்கு நாள் பார்க்கணும்."

கல்யாணத்தில் எனக்கு லியாங் ஒரு சிவப்பு உறை (சீனர்கள் மொய்ப்பணம் வைக்கிற உறை) கொடுத்தார். எல்லோர் முன்னாலும் பிரித்தேன். உள்ளே நாலு ராஜா. இன்றைக்கும் என் மூக்குக்கண்ணாடியைக் காணோம் என்றால் கோமதி, "எங்கயாவது புதைச்சிருப்பார், தோண்டிப் பாருங்க" என்கிறாள். மாப்பிள்ளைகூட இப்போது சேர்ந்து சிரிக்கிறான்.

மூன்று வருஷத்தில் ஏறி ஏறிப் பத்தாம் படிக்கு வந்துவிட்டோம். இன்னும் ஒரே ஒரு படி. "ஜாக்கி வந்ததும் உங்களுக்கு விடுதலை, தாதா" என்று லியாங் சொல்லிக்கொண்டிருந்தார். டோனியும் ஊர் திரும்புகிறாராம்.

போன ஞாயிறு நான்தான் கைக்காரன். கையில் இரண்டு ராஜா. ராஜாவுக்கு எத்தனை புள்ளி என்று இப்போது என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இரண்டையும் எடுத்துக் கமுக்கமாகப் புதைத்தேன். மிச்சத்தை மேரி பார்த்துக்கொண்டார். தோற்றோம்.

லியாங் சீட்டுகளைத் திருப்பினார். ராஜாக்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இன்னுமா கத்துக்கல?"

"எங்க ஆட்டத்துல இதுக்கு மதிப்பே கிடையாது" என்றேன்.

அவர் மேரிக்குத் தெரியாமல் முகத்தை ஃப்ரிட்ஜ் பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தார். அப்புறம் என் கோப்பையில் டீ ஊற்றி, "சரி, அடுத்த ஞாயிறு பார்க்கலாம்" என்றார்.