அகர வரிசையில் ஒரு வீடு

வீட்டைக் குப்பையாகப் போட்டு வைத்திருப்பவர்களால் உலகத்துக்கு ஒரு கெடுதலும் வந்ததில்லை. காலில் ஏதாவது இடறும், அவ்வளவுதான். நாம் பயப்பட வேண்டிய இனம் வேறு: வீட்டை ஒழுங்குபடுத்துகிறவர்கள். இவர்களுக்கு ஒழுங்கர் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன்.

ஒழுங்கரை உங்களுக்குத் தெரியும். மச்சானாக, மேலதிகாரியாக, மாடியில் குடியிருப்பவராக, எந்த உருவத்திலும் வருவார். பெண்பாலிலும் உண்டு. விடுமுறை நாள் காலையில் கூடத்தின் நடுவில் இடுப்பில் கை வைத்து நின்று, மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது வீடா, கிடங்கா?" என்று கேட்கிறாரே, அவர்தான். பதில் சொல்லிவிடாதீர்கள். அந்த நேரத்தில் உங்களுக்கு வேண்டிய பொருள் எதுவோ அதைக் கையில் இறுகப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

வீட்டில் சாமான் மிதமிஞ்சிப் போய்விட்டது என்று கண்டுபிடித்தவர் முதல் வேலையாக என்ன செய்வார்? கடைக்குப் போய் இன்னும் கொஞ்சம் சாமான் வாங்கி வருவார். மூடி போட்ட பெட்டி, மூடி போடாத பெட்டி, பெட்டிக்குள் வைக்கப் பெட்டி, இவற்றையெல்லாம் அடுக்குவதற்கு ஓர் அலமாரி, அலமாரி நுழையாததால் கழற்றிய கதவு, கழற்றிய கதவைச் சாய்த்து வைக்க ஓர் இடம். சாயங்காலம் பார்த்தால் வீட்டில் மனிதர்கள் நிற்கத்தான் இடமிருக்காது.

ஒழுங்கருக்கென்று ஓர் இலக்கணம் உண்டு. அதில் தன்மை, முன்னிலை, படர்க்கை எல்லாம் சரியாக இருக்கும். தான் வைத்திருந்தால் அது நினைவுப்பொருள். நீ வைத்திருந்தால் அடைசல். அவர் வைத்திருந்தால் குப்பை. நரம்பறுந்த பூப்பந்து மட்டை ஒன்று ஒழுங்கரிடம் இருக்கும். அதைக் கண்ணாடிக் கதவு போட்ட இடத்தில் வைத்திருப்பார். நேற்று நீங்கள் வாங்கிய குடை வாசலில் கிடக்கும். கேட்டால், "இதை நீ கடைசியா எப்ப உபயோகிச்சே?" என்பார். மழை பெய்தால்தானே உபயோகிக்க முடியும்? அதை அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

என் எதிர்வீட்டு ஒழுங்கர் சாதாரண ஒழுங்கர் அல்ல. அகராதி அச்சிடும் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். பகலெல்லாம் சொற்கள் வரிசை தப்பாமல் நிற்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, வீட்டில் கத்தரிக்கோலும் கண்மையும் கண்ட இடத்தில் கிடப்பது பொறுக்கவில்லை. ஆகவே வீட்டை அகர வரிசையில் அடுக்கிவிட்டார். கூடத்துச் சுவர் முழுக்கப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் எழுத்து, கொட்டை எழுத்தில், வெட்டி ஒட்டியது. எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? பரணைக் காலி செய்ய என் ஏணியைத்தான் வாங்கிக்கொண்டு போனார்.

கேட்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு பொருளுக்கு ஒரு பெயர் போதும் என்று நம் மொழி என்றைக்குச் சும்மா இருந்திருக்கிறது? மின்சாரம் நின்றதும் அவர் மனைவி 'டா' பெட்டியில் டார்ச்சைத் தேடுவார். "டாவுல எப்படி இருக்கும்? கைவிளக்கு. 'கை'யில பாரு" என்று இருட்டுக்குள்ளிருந்து குரல் வரும். "கையில இருந்தா நான் ஏங்க தேடறேன்?" என்பார் அந்த அம்மாள். ஸ்க்ரூ டிரைவர் 'தி'யில் இருந்தது. திருப்புளியாம். 'ங' என்று ஒரு பெட்டி வைத்திருந்தார், பளபளவென்று, காலியாக. அந்த எழுத்தில் தொடங்கும் சாமான் எந்தக் கடையிலும் கிடைக்காது. ஆனாலும் வரிசையில் ஓர் எழுத்து விட்டுப்போனால் அவருக்குத் தூக்கம் வராது.

அந்த வீட்டில் மாமனாரும் இருந்தார். அந்த அம்மாளின் அப்பா. பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்ற ஓட்டுநர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு வருஷம் தவறாமல் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டிவிட்டு வருகிறவர். இந்த வருஷம் அவரை நன்றியுரை சொல்லச் சொல்லிவிட்டார்கள். ஆயுளில் முதல் மேடை. தலைவரிலிருந்து மின்விசிறியைப் போட்டுவிட்டவர் வரைக்கும் ஒரு பெயர் விடாமல் மனப்பாடம் செய்து, கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டில் எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. "எனக்குப் பின்னால உட்கார்ந்து வந்த ஜனங்க ஒருத்தரும் என் குரலைக் கேட்டதில்லை. இப்பத்தான் நாலு பேர் கேக்கப் போறாங்க" என்று என்னிடம் சொன்னபோது, அவர் முகத்தைப் பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது.

கூட்டத்தன்று மதியம் ஏணியைத் திருப்பிக் கேட்க அங்கே போனேன். கூடத்தில் ஒழுங்கர் ஓர் எழுத்துக்கு இன்னும் கொஞ்சம் பசை தடவிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து மாமனார் துண்டால் வாயை மூடிக்கொண்டு வந்தார். துண்டை எடுத்தார். கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தன.

"மாப்பிவ்வை, எம் பவ்வைக் காணோம்."

தூங்கி எழுந்தவர் பல்செட்டைத் தேடுகிறார் என்பது எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. ஒழுங்கர் கலங்கவில்லை. இப்படி ஒரு சந்தர்ப்பத்துக்காகவே காத்திருந்த மாதிரி எழுந்து நின்றார்.

"மாமா, இந்த வீட்டுல இனிமே எதுவும் தொலையாது. எந்த எழுத்துன்னு மட்டும் சொல்லுங்க."

"ப" என்றார் மாமனார். பல்லில்லாவிட்டாலும் அந்த எழுத்து நன்றாகவே வந்தது.

'ப' பெட்டியைத் திறந்தார்கள். பல்பொடி இருந்தது. பல் இல்லை.

"பொய்ப்பல்லுன்னு வெச்சிருப்பேன்" என்று ஒழுங்கர் 'பொ'வைத் திறந்தார். பொத்தான்கள். "செயற்கைப் பல்." 'செ'வில் செருப்புக்குப் போடும் மை. "கட்டுப்பல்!" 'க'வில் ஒரு வீடு நடத்தத் தேவையான பாதிச் சாமான் இருந்தது, கரண்டி, கயிறு, களிம்பு, கடிகாரம், கொக்கியில்லாத ஒரு கம்மல், பல்லைத் தவிர எல்லாம் இருந்தது. நான் மெதுவாக, "பல்செட்டுன்னே வெச்சிருந்தா..." என்று ஆரம்பித்தேன். "செட்டு தமிழ்ச் சொல் இல்லை சார்" என்று என் வாயை அடைத்துவிட்டார்.

கூட்டத்துக்கு அழைத்துப்போக வரும் கார் இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும். கிழவர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பல்லில்லாமலே சமாளித்துவிடலாமா என்று பார்க்கிறார் போலிருக்கிறது. மூச்சை இழுத்து, நன்றியுரையின் முதல் சொல்லைச் சொல்லிப் பார்த்தார்.

"ஙங்ஙி."

அந்த வீட்டில் 'ங'வில் தொடங்கிய முதல் பொருள் அதுதான். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவர் தோளைப் பார்த்ததும் அடங்கிப்போயிற்று. தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. "நான் போகவே" என்றார். போகவில்லை என்று அர்த்தம்.

அப்போதுதான் அந்த அம்மாள் அப்பாவின் சட்டையை இஸ்திரி போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். நாங்கள் மூன்று பேரும் நின்ற நிலையைப் பார்த்தார். திறந்து கிடந்த பெட்டிகளைப் பார்த்தார்.

"எதுலப்பா போட்டு வெச்சீங்க?"

"ஜன்னல்வ. பழைய ஹோப்பு டப்பாவுவ."

"அதானே! 'சோ'!" என்று ஒழுங்கர் பாய்ந்தார். அந்த அம்மாள் பெட்டிகளின் பக்கமே திரும்பவில்லை. சட்டையை என் கையில் கொடுத்துவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் நேராக வாசலுக்குப் போனார். அங்கே பழைய சாமான் வாங்குகிறவர் ஒழுங்கர் கட்டி வைத்திருந்த மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். எல்லா மூட்டையிலும் ஒரே எழுத்து. 'வே'. வேண்டாதவை.

"கொஞ்சம் இறக்குங்கண்ணா" என்றார் அந்த அம்மாள். மூட்டையைத் தெருவிலேயே அவிழ்த்து, பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். முதலில் அவருடைய ஓவியத் தூரிகைகள் வந்தன. கல்யாணத்துக்கு முன்பு வரைந்துகொண்டிருந்தாராம். அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார். அடுத்து, கிழவரின் ஓட்டுநர் தொப்பி. அதற்கும் அடியில் மூடி வெடித்த சோப்பு டப்பா. குலுக்கினார். கடகடவென்று சத்தம் கேட்டது.

பின்னாலேயே ஓடிவந்த ஒழுங்கருக்கு அப்போதும் வியப்பு அடுக்கும் முறையைப் பற்றித்தான். "எந்த எழுத்துல இருக்குன்னு எப்படி கண்டுபிடிச்சே?"

"எங்கப்பாவோடது. 'வே'யில இல்லாம வேற எதுல வெப்பீங்க?"

அவ்வளவுதான் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்கிற குரல்தான். அகராதி முழுக்கப் பிழை பார்த்த மனிதருக்கு அதில் திருத்த ஒன்றும் அகப்படவில்லை.

கார் வந்துவிட்டது. கிழவர் பல்லைக் கழுவி மாட்டி, சட்டையைப் போட்டு, மகள் நீட்டிய தொப்பியையும் தலையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். மாப்பிள்ளைக்கு நேரே வந்ததும் நின்றார். முதல் சொல்லை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டாமா?

"நன்றி, மாப்பிள்ளை" என்றார். ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக, சுத்தமாக, எல்லாப் பல்லோடும் வந்தது.

நான் என் ஏணியைத் தேடினேன். வண்டியின் மேல் ஏற்கெனவே கட்டியிருந்தது. அவிழ்த்து வாங்கிக்கொண்டு வந்தேன். அதன் கீழ்ப்படியில் ஓர் எழுத்து ஒட்டியிருந்தது. 'ஏ' இல்லை. எவ்வளவோ சுரண்டியும் பாதிதான் வந்திருக்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்த ஓர் ஒழுங்கர் நினைவுக்கு வந்திருப்பார். இதை அவரிடம் கட்டாயம் காட்ட வேண்டும் என்றுகூட நினைத்திருப்பீர்கள். காட்டுங்கள். அதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். போன தடவை நீங்கள் வீட்டைச் சுத்தம் செய்தபோது வாசலுக்குப் போன சாமான்களை நினைத்துப் பாருங்கள். அதில் உங்களுடையது ஏதாவது இருந்ததா? ஒன்றே ஒன்றாவது? இல்லையென்றால், சத்தம் போடாமல் எழுந்துபோய் உங்கள் முதுகை யாரிடமாவது காட்டி, ஏதாவது எழுத்து ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.