கக்குவான் மாஸ்டரும் ஒரு புள்ளியும்

இருமியே பாஸ்கெட்பால் சொல்லிக்கொடுத்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் கக்குவான் மாஸ்டர். இன்னொருவரும் இருந்தார் என்று யாராவது கடிதம் எழுதினால் நான் நம்பமாட்டேன். எழுதவேண்டாம்.

மைசூரில் மகாராஜா ஆண்ட காலம். அக்ரஹாரத்தை ஒட்டி எங்கள் கல்லூரி. கல்லூரி என்று மரியாதைக்குச் சொல்கிறேன். நாலு வகுப்பறை, ஒரு மணி, ஒரு பிரின்சிபால். பெரிய கல்லூரிக்காரர்கள் கிரிக்கெட் ஆடினார்கள். எங்கள் நிர்வாகத்துக்கு மட்டை வாங்க மனம் வரவில்லை. அதனால் எங்களுக்கு பாஸ்கெட்பால். மண் தரை, இரண்டு வளையம், ஒரு பந்து, ஏழு பையன்கள்.

ஏழு பேருக்குப் பயிற்சி கொடுக்க இரண்டு பேர். தலைமை, கக்குவான் மாஸ்டர். கொள்ளேகாலத்துக்காரர். பட்டாளத்தில் டிரில் கற்றவர். முழங்கால்வரை காக்கி டவுசர், முழங்காலுக்குக் கீழே இரண்டு குச்சி. உதவி, எங்கள் கல்லூரி பியூன். அவர் பெயர் சித்தப்பா. கன்னடத்தில் அது வெறும் பெயர். எங்களுக்கு அது உறவாகிவிட்டது. சைக்கிள் பம்பால் பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவரை ஒரு நாள் மாஸ்டர் கூப்பிட்டு, "இன்னைலேர்ந்து நீ அசிஸ்டென்ட் கோச்" என்று சொல்லிவிட்டார். சம்பளம் அதே பியூன் சம்பளம்தான்.

இருமல் எதற்கு என்று சொல்கிறேன். அன்றைய சட்டப்படி ஆட்டம் நடக்கும்போது கோச் வாய் திறக்கக்கூடாது. வெளியிலிருந்து ஒரு வார்த்தை சொன்னாலும் எதிராளிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ. உள்ளே விழுந்தால் ஒரு புள்ளி போச்சு. மற்றக் கல்லூரி மாஸ்டர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஆள் இருமினார். ஒரு இருமல் என்றால் எல்லோரும் பின்னால் ஓடிவந்து தடு. இரண்டு இருமல் என்றால் பந்தை லூயிஸிடம் கொடு. லூயிஸ் எங்கள் காப்டன், ஆறடிக்கு மேல் உயரம். நீளமாக இழுத்து இருமினால் யோசிக்காமல் வளையத்தைப் பார்த்து எறி. மைதானத்தின் அந்தக் கோடியில் இருப்பவனுக்குக் கேட்காதே? அதற்குத்தான் அசிஸ்டென்ட் கோச். சித்தப்பா அந்தக் கோடியில் நின்று, மாஸ்டர் எப்படி இருமினாரோ அப்படியே திருப்பி இருமுவார். உத்தியோகம் அவ்வளவுதான்.

இது திருட்டு. பூசி மெழுக எனக்குத் தெரியாது. திருடித்தான் ஜெயித்தோம்.

ஒரு ஆட்டத்தில், வேடிக்கை பார்க்க வந்த ரிட்டயர்டு அமல்தார் ஒருவர் சளி பிடித்து இருமித் தொலைத்தார். நாங்கள் ஐந்து பேரும் கையிலிருந்த பந்தை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் ஓடினோம். எதிராளி நிதானமாக எடுத்து வளையத்தில் போட்டான். அடுத்த ஆட்டத்திலிருந்து சித்தப்பா கூட்டத்துக்குள் புகுந்து, தொண்டையைச் செருமுகிறவர்களுக்கெல்லாம் பனங்கற்கண்டு கொடுத்துக்கொண்டு வந்தார். மைசூரிலேயே ஜனங்களின் ஆரோக்கியத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்ட கல்லூரி எங்களுடையதுதான்.

அப்புறம் ஒரு மழைக்காலத்தில் இருமல் குழம்ப ஆரம்பித்தது. பின்னால் போ என்பார். போவதற்குள் லூயிஸிடம் கொடு என்பார். கொடுப்பதற்குள் எறி என்பார். சித்தப்பாவும் அந்தக் கோடியில் மூச்சு முட்ட எல்லாவற்றையும் திருப்பி இருமுவார். பம்பரம் மாதிரி சுற்றி மூன்று ஆட்டம் வரிசையாகத் தோற்றோம்.

லூயிஸ் நேராகப் போய்க் கேட்டான். "ஏன் மாஸ்டர், போகச் சொல்றீங்களா, நிக்கச் சொல்றீங்களா? ஒண்ணுமே கொத்தாகல, புரியல."

"புது ஏற்பாடு கண்ணு. உங்க மண்டைக்கு ஏற நாளாகும்" என்றார் மாஸ்டர்.

புது ஏற்பாடு என்ன என்று சித்தப்பாதான் சொன்னார். மாஸ்டர் அறையில் ஒரு சட்டியில் சாம்பல் போட்டு வைத்திருக்கிறார், அதில்தான் துப்புகிறார், சாம்பல் சிவப்பாகிறது. இதைச் சொல்லிவிட்டு அழுதார். க்ஷயம்.

அந்த நோய்க்கு எங்கள் கல்லூரியில் என்ன வைத்தியம் என்று எல்லோருக்கும் தெரியும். முந்தின வருஷம் ஒரு குமாஸ்தாவுக்கு வந்தது. சாயங்காலத்துக்குள் அவரை அனுப்பிவிட்டு, அவர் உட்கார்ந்த நாற்காலியைக் கொல்லையில் போட்டு எரித்தார்கள். மாஸ்டருக்குக் கல்லூரிச் சாமான் அறைக்குப் பின்னால் இருந்த அந்த ஒற்றை அறைதான் வீடு. சம்சாரம் செத்து வருஷங்களாகியிருந்தது. கொள்ளேகாலத்தில் அண்ணன் தம்பிகள் நன்றாக இருக்கும்போதே அவரை வாசலில் நிறுத்திப் பேசுகிறவர்கள். விஷயம் பிரின்சிபால் காதுக்குப் போனால் அந்த மனிதருக்கு நடுத்தெரு.

அதனால் யாரும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் ஏழு பேரில் யாருக்கு வேண்டுமானாலும் அது ஒட்டியிருக்கலாம். அதைத் தெரிந்துகொண்டே மாஸ்டர் ஒளித்தார் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. அந்த மனிதரை நான் மகான் என்று சொல்ல வரவில்லை.

சைகை மட்டும் நின்றது. இனிமேல் உங்கள் இருமலைப் பார்த்து ஆடமாட்டோம் என்று லூயிஸ் சொல்லிவிட்டான். மாஸ்டர் அவன் முகத்தையும் பார்த்தார், சித்தப்பா முகத்தையும் பார்த்தார். யார் சொன்னது என்று கேட்கவில்லை.

"செரி. இனிமே இருமல்னா இருமல்தான்" என்றார்.

அப்புறம் பெரிய கல்லூரியோடு ஆட்டம், அவர்கள் மைதானத்தில். பிரின்சிபால் முன்வரிசையில் சரிகைத் தலைப்பாகையோடு உட்கார்ந்திருந்தார். இருமலும் இல்லை, புத்தியும் இல்லை, எங்களைத் துவைத்துக் காயப்போட்டார்கள். பாதி ஆட்டத்திலேயே தோல்வி நிச்சயமாகிவிட்டது. இன்னும் ஒரு மாதம் ஆடினாலும் எட்டிப் பிடிக்க முடியாத தோல்வி.

அந்த நேரத்தில் மாஸ்டருக்கு இருமல் வந்தது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினார். எதிர்க் கல்லூரி கோச் வெள்ளைக் கால்சட்டைக்காரர். அவ்வளவு முன்னால் இருந்தும் மனிதருக்குப் போதவில்லை. எழுந்து கையைத் தூக்கி, இது சைகை, ஊருக்கே தெரிந்த சைகை, ஃப்ரீ த்ரோ கொடுங்கள் என்றார். ரெஃபரி ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். அவர் பெங்களூர் கன்டோன்மென்ட்காரர், தமிழ் தெரியும். மாஸ்டர் பக்கத்தில் வந்து, அது இருமலா சைகையா, உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டார்.

சைகை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒரு புள்ளி போகும். போகட்டுமே. பிரின்சிபாலுக்குத் திருட்டைப் பற்றிக் கவலையே கிடையாது, நோயைப் பற்றித்தான் கவலை. லூயிஸ் ரெஃபரிக்குப் பின்னால் நின்று, சொல்லுங்கள் சொல்லுங்கள் என்று தலையை ஆட்டினான். சித்தப்பா அந்தக் கோடியிலிருந்து ஓடிவந்தார்.

"நனகே கெம்மு சார். நாந்தான் கெம்மினது. மாஸ்டர் சும்மா இருந்தார்" என்று சொல்லி, நம்பவைப்பதற்காக நாலு தடவை இருமிக் காட்டினார். கூட்டம் சிரித்தது.

மாஸ்டர் நிமிர்ந்து, பட்டாளத்தில் நிற்பது மாதிரி நின்றார்.

"அவனுக்கு ஒண்ணுமில்லீங்க. அவன் கல்லாட்ட இருக்கறான். இருமுனது நானு." டவுசர் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து விரித்துக் காட்டினார். "சைகை இல்லீங்க. எப்பவும் திருடறதுதான், இல்லைங்கல. இன்னைக்குப் பசங்க திருடலீங்க."

ரெஃபரி இரண்டடி பின்னால் போனார். பெஞ்சில் மாஸ்டருக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போனார்கள். பிரின்சிபால் தன்னுடைய கைக்குட்டையை எடுத்து மூக்கை மூடிக்கொண்டார். சித்தப்பா மட்டும் அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். ஃப்ரீ த்ரோ இல்லை என்று ரெஃபரி சொல்லிவிட்டார். ஆட்டம் தொடர்ந்தது. தோற்றோம். வெட்கம் கெட்டுத் தோற்றோம்.

மறுநாள் அந்த அறைக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். பாயும் பெட்டியும் எரிந்தன. மகாராஜா புண்ணியத்தில் ஊருக்கு வெளியே க்ஷய ஆஸ்பத்திரி ஒன்று இருந்ததால் மாஸ்டர் நடுத்தெருவில் சாகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போவோம். கிட்டே விடமாட்டார்கள். நாங்கள் வேலிக்கு இந்தப் பக்கம், அவர் வராந்தாவில் கட்டிலில்.

ஒரு நாள் என்னால் அடக்க முடியவில்லை. தோற்றுப்போன ஆட்டத்தில் ஒரு புள்ளிக்காக இருந்த இடத்தையும் விட்டீர்களே, உங்களுக்கு மூளை இருக்கிறதா என்று வேலிக்கு மேலே கத்தினேன்.

"உனக்கு இருக்குதா?" என்றார். "ரெண்டாம் பாதியில நீ காலை ஊணவே இல்ல. ஊணியிருந்தா நாலு புள்ளி வந்திருக்கும். வந்துட்டான், பெருசா கணக்குக் கேக்க." பக்கத்துக் கட்டில்காரரிடம் திரும்பி, "நம்ம பையன்தானுங்க. ஆட்டந்தான் வராது" என்றார்.

கோடைக்கு முன்னால் செத்துப்போனார். கொள்ளேகாலத்துக்குத் தந்தி அடித்தோம். யாரும் வரவில்லை. மயானத்தில் எல்லாவற்றையும் அடுக்கி முடித்துவிட்டு, கொள்ளி வைக்கிற பிள்ளை யார், முன்னால் வா என்றார்கள். ஏழு பேரும் ஒரே சமயத்தில் முன்னால் போய் ஒருவனை ஒருவன் இடித்துக்கொண்டோம். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற லூயிஸ்தான் எல்லோருக்கும் முன்னால் நின்றான்.